கிளிப்போர்டில் என்ன எழுதுகிறார்கள்? ஏபிஏ-வில் நடத்தையை அளக்கும் விதம்

ஏபிஏ தெரபி நடக்கும் அறையை முதன்முதலாகப் பார்க்கிற பெற்றோருக்குப் பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான் வரும். தெரபிஸ்ட் குழந்தையோடு விளையாடுகிறார், பேசுகிறார், எல்லாம் சரி. ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை எதையோ குறித்துக்கொண்டே இருக்கிறாரே, அது எதற்கு? குழந்தையைப் பார்ப்பதைவிடத் தாளைத்தான் அதிகம் பார்க்கிறாரோ என்றுகூடத் தோன்றும்.

ஏபிஏ-வின் முழுப்பெயர் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு: நடத்தையைக் கவனித்து, அளந்து, அதை மாற்ற உதவும் முறை. புழக்கத்தில் எல்லோரும் ஏபிஏ என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தெரபியாகவே பலருக்கு இது அறிமுகம் என்றாலும், வகுப்பறை, தொழிற்சாலைப் பாதுகாப்பு, விளையாட்டுப் பயிற்சி என்று வேறு இடங்களிலும் இதே முறை பயன்படுகிறது. 1968-இல் இத்துறைக்கென்று ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ் என்ற ஆய்விதழ் தொடங்கியபோது, அதன் முதல் இதழிலேயே டொனால்ட் பேயர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் சேர்ந்து இத்துறைக்கு இருக்கவேண்டிய ஏழு தன்மைகளை எழுதிவைத்தார்கள். அதில் ஒன்று அளவு பற்றியது. ஒருவர் என்ன செய்வதாகச் சொல்லப்படுகிறது என்பது போதாது, உண்மையில் என்ன செய்கிறார் என்பதைத் துல்லியமாக அளக்கவேண்டும் என்றார்கள்.

ஏன் இத்தனை பிடிவாதம்? நம் ஞாபகம் நியாயமான கணக்குப்பிள்ளை இல்லை. நேற்று மாலை நடந்த ஒரு பெரிய ரகளை, அதற்கு முந்தைய பத்து அமைதியான நாட்களை மறக்கடித்துவிடும். "இந்த மாதம் ரொம்ப மோசம்" என்போம். தாளை எடுத்துப் பார்த்தால் போன மாதத்தைவிடப் பாதிதான் நடந்திருக்கும். மறுபக்கமும் உண்டு. பாசத்தில் "இப்போது எவ்வளவோ பரவாயில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, எண்ணிக்கை அசையாமல் அப்படியே நிற்கும். பலன் தராத முறையை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது குழந்தையின் நேரத்தை வீணாக்குவது. டேட்டா எடுப்பது நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான். எந்த முடிவுக்கும் உதவாத டேட்டாவை எடுக்காமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

எதை அளக்கிறோம்?

'கோபம்', 'அடம்', 'கவனமில்லை' என்பவற்றை எண்ண முடியாது. ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு குழந்தையின் 'அடத்தை' எண்ணினால் ஒருவருக்கு மூன்று கிடைக்கும், இன்னொருவருக்கு ஒன்பது கிடைக்கும். அதனால் முதல் வேலை, அந்த நடத்தை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதிவைப்பது. உதாரணமாக அடித்தல். "குழந்தையின் கை, ஒரு சாணுக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து வேகமாக வந்து இன்னொருவர் உடம்பில் படுவது. தோளைத் தட்டிக் கூப்பிடுவதும், தடுமாறி விழும்போது கை படுவதும் இதில் சேராது." எது சேரும், எது சேராது என்ற இரண்டும் இருக்கவேண்டும். அழுது புரளும் டான்ட்ரம் போன்றவற்றுக்கு எங்கே முடிகிறது என்பதும் வேண்டும். 'தொடர்ந்து 30 விநாடி அமைதியாக இருந்தால் முடிந்ததாகக் கொள்க' என்று ஒரு வரி போட்டுவிட்டால், இடையில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அழுவதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்ற சண்டை வராது.

இன்னொரு சோதனை உண்டு. ஆக்டன் லிண்ட்ஸ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் சொன்னது. செத்த மனிதனால் ஒன்றைச் செய்ய முடியுமென்றால் அது நடத்தையே இல்லை. 'கத்தாமல் இருப்பது', 'யாரையும் அடிக்காமல் இருப்பது' இவற்றையெல்லாம் பிணம் நன்றாகவே செய்யும். ஆகவே அதை இலக்காக எழுதக்கூடாது. கத்துவதற்குப் பதிலாகக் குழந்தை என்ன செய்யவேண்டும்? படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்பதா, 'போதும்' என்று சொல்வதா? அதை எழுதி அதை எண்ணவேண்டும். கேட்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும், பல திட்டங்களில் இலக்கு வாசகத்தைத் திருத்த இந்த ஒரு கேள்வியே போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு தீர்ப்பு. கைகளை அசைப்பது, உடம்பை ஆட்டுவது போன்ற யாருக்கும் கெடுதல் இல்லாத அசைவுகளையும் 'குறைக்கவேண்டியவை' பட்டியலில் போட்டு எண்ணியதை, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. எண்ண முடிகிறது என்பதற்காகவே ஒன்று பிரச்சினை ஆகிவிடாது. மேலே சொன்ன உல்ஃப் 1978-இல் எழுதிய கட்டுரையில், இலக்கும் வழிமுறையும் பலனும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையவையா என்று கேட்கவேண்டும் என்றார். உங்கள் குழந்தையின் தாளில் ஒரு நடத்தை ஏறினால், "இது குறைந்தால் குழந்தைக்கு என்ன லாபம்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

எந்த அளவுகோல்?

இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நடத்தையை அளப்பதென்றால் எத்தனை முறை என்று எண்ணுவதுதானே என்று நினைத்துவிடுகிறோம். ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரப் பாடம். திங்கட்கிழமை குழந்தை இருக்கையைவிட்டு எழுந்தது 1 முறை. வெள்ளிக்கிழமை 5 முறை. நிலைமை மோசமாகிவிட்டதா? திங்கட்கிழமை அந்த ஒரு முறை எழுந்தவள் 25 நிமிடம் திரும்பவே இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து முறையும் பத்துப் பத்து விநாடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கால அளவைக் குறித்திருந்தால் 25 நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது தெரிந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு முறையைத் தூக்கி எறிந்திருப்போம்.

அதனால் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம். தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிகிற, சட்டென முடிகிற செயல்களுக்கு எண்ணிக்கை சரி: அடிப்பது, பொருளை எறிவது, வாய்விட்டு ஒன்றைக் கேட்பது. ஒவ்வொரு நாளும் கவனித்த நேரம் வேறு வேறாக இருந்தால் எண்ணிக்கையை நேரத்தால் வகுத்து வீதமாக்கவேண்டும். 2 மணி நேரத்தில் 12 முறை என்பது மணிக்கு 6. 1 மணி நேரத்தில் 8 முறை என்பது மணிக்கு 8. வெறும் எண்ணிக்கையில் 12-தான் பெரிதாகத் தெரியும். அழுகை, விளையாட்டில் ஈடுபடுவது, வீட்டுப்பாடம் எழுதுவது போன்று நீண்டுகொண்டே போகும் செயல்களுக்குக் கால அளவு. அப்புறம், சொன்னதற்கும் செய்யத் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பது தாமதம். "ஷூ போட்டுக்கொள்" என்று சொன்னபிறகு 11 நிமிடம் கழித்து ஷூவைத் தொடும் குழந்தைக்கு, ஷூ போடத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை. அந்த 11-தான் இறங்கவேண்டும். தாமதம் மிகக் குறைவாக இருப்பதும் சிக்கல்தான். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடும் குழந்தைக்கு அதைக் கொஞ்சம் கூட்டவேண்டியிருக்கும்.

செயல் முடிந்தபிறகு மிஞ்சுவதை எண்ணுவதும் ஒரு வழி. எழுதி முடித்த கணக்குகள், மடித்து வைத்த துணிகள், காலையில் நனைந்திருக்கும் படுக்கை விரிப்பு. கூடவே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதால் வீட்டுக்கு மிகவும் தோதான முறை இது.

ஒரு நிமிடம், நான்கு பதில்

எல்லா நேரமும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியரால் சுத்தமாக முடியாது. அதனால் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்கிறார்கள். இதை இடைவெளிப் பதிவு என்பார்கள். இதில் மூன்று வகை. துண்டின் எந்த இடத்திலாவது நடத்தை தலைகாட்டினால் ஆம் என்பது பகுதி இடைவெளி. துண்டு முழுக்க நீடித்தால்தான் ஆம் என்பது முழு இடைவெளி. துண்டு முடிகிற அந்தக் கணத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்துக் குறிப்பது கண நேரப் பதிவு.

மூன்றும் ஏறக்குறைய ஒரே விடைதான் தரும் என்று நினைத்தால், ஒரு நிமிடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 10 விநாடி வீதம் ஆறு துண்டுகள். குழந்தை மூன்று முறை கத்துகிறது: 8-ஆவது விநாடி முதல் 13 வரை, 29 முதல் 31 வரை, 48 முதல் 52 வரை. மொத்தம் 11 விநாடி. 60-இல் 11 என்றால் சுமார் 18%. இதுதான் நிஜம்.

பகுதி இடைவெளியில் என்ன வரும்? மூன்று கத்தலும் ஒவ்வொரு துண்டின் எல்லையைத் தாண்டிப் போகின்றன. 8–13 கத்தல் முதல் இரண்டு துண்டுகளையும் தொட்டுவிடுகிறது, 29–31 அடுத்த இரண்டை, 48–52 கடைசி இரண்டை. ஆறு துண்டிலும் ஆம். 100%! முழு இடைவெளியில், எந்தக் கத்தலும் எந்தத் துண்டையும் முழுக்க நிரப்பவில்லை. 0%. கண நேரப் பதிவில் 10, 30, 50 ஆகிய கணங்களில் கத்தல் இருக்கிறது, 20, 40, 60-இல் இல்லை. 50%.

அதே குழந்தை, அதே ஒரு நிமிடம். 18, 100, 0, 50. வேண்டுமென்றே எல்லைகளில் விழும்படி அமைத்த உதாரணம்தான் இது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்பது எப்போதும் மாறாது. பகுதி இடைவெளி, நடத்தை நீடித்த நேரத்தைக் கூட்டிக் காட்டும். முழு இடைவெளி குறைத்துக் காட்டும். கண நேரப் பதிவு ஒரு நிமிடத்தில் இப்படித் தடுமாறினாலும், நீண்ட நேரம் அடிக்கடி எடுத்தால் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தெரிந்தே சாய்கிற அளவுகோலை ஏன் வைத்திருக்கிறார்கள்? சாய்வைத் தங்களுக்கு எதிராகத் திருப்பிவைக்கத்தான். குறையவேண்டிய நடத்தைக்குப் பகுதி இடைவெளி. கூட்டிக் காட்டும் அளவிலேயே குறைந்தது தெரிகிறது என்றால் அந்தக் குறைவை நம்பலாம். பாடத்தில் ஈடுபடுவது போலக் கூடவேண்டிய நடத்தைக்கு முழு இடைவெளி. வகுப்பு முழுவதையும் பார்க்கவேண்டுமென்றால் கண நேரம்: சில நிமிடங்களுக்கு ஒருமுறை டைமர் அதிரும்போது நிமிர்ந்து, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் எண்ணிக் குறித்துவிட்டு ஆசிரியர் தன் வேலையைப் பார்க்கலாம். எப்படியானாலும், ரிப்போர்ட்டில் '40% நேரம் கத்துகிறான்' என்று பார்த்தால், எந்த முறையில் எடுத்த 40 என்று கேளுங்கள். பகுதி இடைவெளியில் வந்த 40% துண்டுகளை, 40% நேரம் என்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிற குழப்பம்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலும் சதவீதம்தான் எழுதுவார்கள். பத்து வாய்ப்பில் எட்டு சரி, 80%. சதவீதத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. இரண்டில் ஒன்றும் 50%, நாற்பதில் இருபதும் 50%. அதைவிடப் பெரிய விஷயம் உதவி. கை கழுவுவதைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம்: குழாயைத் திற, கையை நனை, சோப்பு எடு, தேய், அலசு, குழாயை மூடு, துடை. குழந்தையின் கையைப் பிடித்து ஏழு படியையும் செய்யவைத்தாலும் 'செய்தான்' என்று எழுதலாம். ஆகவே ஒவ்வொரு படிக்கும் கையைப் பிடித்தோமா, செய்து காட்டினோமா, விரலால் சுட்டினோமா, சொல்லால் நினைவூட்டினோமா, தானாகச் செய்தானா என்று தனித்தனிக் குறியீடு போடுவார்கள். தானாகச் செய்த படிகள் வாரத்துக்கு வாரம் எப்படிக் கூடுகின்றன என்பதுதான் பார்க்கவேண்டிய எண். வேகமும் சதவீதத்தில் தெரியாது. 20 கூட்டல் கணக்கை ஒரு நிமிடத்தில் சரியாகப் போடும் பிள்ளைக்கும், பத்து நிமிடம் திணறிச் சரியாகப் போடும் பிள்ளைக்கும் 100%தான். லிண்ட்ஸ்லி இதற்காகவே நிமிடத்துக்கு எத்தனை என்ற வீதத்தை வைத்து ஒரு தனி வரைபடத் தாளையே உருவாக்கினார். அதில் 5 என்பது 10 ஆவதும் 50 என்பது 100 ஆவதும் ஒரே உயரம். இரண்டுமே இரட்டிப்புதானே.

கோட்டைப் படிப்பது

எண்களைத் தாளில் அடுக்கிவைத்தால் போதாது, அன்றன்றே வரைபடத்தில் ஏற்றவேண்டும். நடத்தை அறிவியலில் இது பழைய பழக்கம். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வகத்தில் காகிதச் சுருள் ஒரே வேகத்தில் ஓட, விலங்கு ஒவ்வொருமுறை நெம்புகோலை அழுத்தும்போதும் பேனா ஒரு படி மேலே ஏறும். கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகம். இன்று தெரபியில் பார்ப்பது சாதாரணக் கோட்டு வரைபடம்: கிடையாக நாட்கள், நெடுக்காக நடத்தை. சிகிச்சை தொடங்கும் முன் சில நாட்கள் எதையும் மாற்றாமல் எடுப்பது பேஸ்லைன். திட்டம் தொடங்கிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை இணைக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு காலம் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும்.

பார்க்கவேண்டியவை மூன்று: புள்ளிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன, எவ்வளவு தாறுமாறாகக் குதிக்கின்றன. பேஸ்லைனில் டான்ட்ரம் நிமிடங்கள் 30, 26, 21, 17 என்று தானாகவே இறங்கிக்கொண்டிருந்தால் அங்கே திட்டத்தைத் தொடங்காதீர்கள். பிறகு 12 வந்தால் அது திட்டத்தால் வந்ததா, ஏற்கனவே வந்துகொண்டிருந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. 22, 25, 19, 24 என்று ஒரே மட்டத்தில் நின்றபிறகு தொடங்கினால் மாற்றம் பளிச்சென்று தெரியும். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்கள் 31, 34 என்று ஏறினால் பதறவேண்டாம். இதுவரை அழுதால் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று கிடைக்காமல் போனால், நிற்பதற்கு முன் ஒருமுறை அழுகை உச்சத்துக்குப் போவது தெரிந்த விஷயம். பெரும்பாலானவர்கள் கைவிடுவது சரியாக அந்த இடத்தில்தான். அதற்காக இரண்டு வாரம் ஏறிக்கொண்டே போவதையும் அதே காரணம் சொல்லி விட்டுவிடக்கூடாது. அப்போது திட்டத்தில்தான் கோளாறு.

புள்ளிகள் தாறுமாறாகக் குதித்தால், பெரும்பாலும் நாம் கவனிக்காத ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. அப்போது எண்ணுவதோடு நிற்காமல், நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை என்ன, பிறகு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தியில் எழுதத் தொடங்குவார்கள். அல்லது ஒரு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, நடந்த கட்டத்தில் கறுப்பு அடிப்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கறுப்புகள் ஒரே வரிசையில், தூக்கம் வரும் நேரத்திலோ ஒரு குறிப்பிட்ட பாடவேளையிலோ கூடி நிற்பது தெரியலாம்.

மாறியது யார்?

பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய அந்த 1968 கட்டுரையில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது. நடத்தை மாறியதா என்று மட்டும் கேட்காதே, யாருடைய நடத்தை என்றும் கேள் என்கிறார்கள். குழந்தை அப்படியே இருக்க, எண்ணுபவரின் கண் மாறியிருக்கலாம். முதல் வாரம் சின்ன முனகலையும் 'கத்தல்' என்று எண்ணியவர், பழகிப்போய் ஆறாவது வாரத்தில் பெரிய அலறலை மட்டும் எண்ணுவார். கோடு அழகாக இறங்கும். இன்னொன்று, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே குழந்தையும் மாறும், கூட இருக்கும் பெரியவர்களும் மாறுவார்கள். முதல் ஓரிரு நாள் டேட்டாவைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்ப்பது அதனால்தான்.

கண் நழுவுவதைப் பிடிக்க, அவ்வப்போது இரண்டாவது ஆள் தனியாக அமர்ந்து அதே செஷனை எண்ணுவார். குறைந்தது 20% செஷன்களில், முடிந்தால் மூன்றில் ஒரு பங்கில் இப்படிச் செய்து, இருவரும் 80%-க்கு மேல் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வது வழக்கம். அந்த 80-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இருவருக்கும் 10 வந்தது, 100% ஒற்றுமை என்பார்கள். ஒருவர் பத்தையும் முதல் பாதியில் பார்த்திருப்பார், மற்றவர் இரண்டாம் பாதியில். அரிதாக நடப்பவற்றில் இன்னும் வேடிக்கை. 60 துண்டுகளில் இருவரும் ஆளுக்கு இரண்டு 'ஆம்' போடுகிறார்கள், நான்கும் வேறு வேறு துண்டுகள். மீதி 56-இல் இருவரும் 'இல்லை'. ஒற்றுமை 93%. நடந்தது என்று இருவரும் சேர்ந்து சொன்ன துண்டு ஒன்றுகூட இல்லை! அதனால் அரிதான நடத்தைக்கு, ஒருவராவது 'ஆம்' போட்ட துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடவேண்டும். இங்கே அது 0%.

வீட்டில் எடுப்பதானால் இவ்வளவு சடங்கு தேவையில்லை. ஒரே ஒரு நடத்தை, ஒரே ஒரு முறை, நாளில் ஒரு குறிப்பிட்ட நேரம். காலை எழுந்தது முதல் இரவு வரை எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லும் தாளை மூன்றாம் நாள் யாரும் நிரப்பமாட்டார்கள். பிறகு ஞாயிறு இரவு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவார்கள். அதற்குக் காலித்தாளே மேல். கை வேலையாக இருப்பவர்களுக்கு, ஒரு பையில் பத்து நாணயத்தைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருமுறை நடக்கும்போதும் ஒன்றை அடுத்த பைக்கு மாற்றுவது நல்ல வழி. இரவில் எண்ணி எழுதிவிடலாம். கால அளவுக்கு போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். எடுக்கமுடியாத நாளை 0 என்று போடாமல் வெறுமையாக விடுங்கள். 0 என்றால் கவனித்தோம், நடக்கவில்லை என்று பொருள்.

இலக்கை எட்டியபிறகு அளவை ஒரேயடியாக நிறுத்திவிடமாட்டார்கள். தினமும் எடுத்தது வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று தளரும். இடமும் ஆளும் மாறும்: தெரபிஸ்ட்டிடம் தானாகக் கை கழுவும் பிள்ளை, பாட்டி வீட்டுக் குழாயிலும் கழுவுகிறானா? அங்கே ஏழில் நான்கு படிதான் தானாக வருகிறது என்றால், அந்த மூன்று படிக்கும் மறுநாளிலிருந்து தினசரித் தாள் திரும்ப வரும்.